ஜெர்மனிக்குப் போக நினைக்கும் தம்பதிகளுக்கு

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



முன்பெல்லாம் நம்ம குழுக்களில் வெளிநாடு என்றால் துபாய், சிங்கப்பூர் என்பார்கள். இப்போ ஜெர்மனிப் பேச்சுதான். நர்சிங் படித்த மகள், ஐ.டி.ஐ. முடித்த மருமகன், "ரெண்டு பேரும் சேர்ந்து போகலாமா" என்று வந்து கேட்கிறார்கள். வாய்ப்பு இருப்பது உண்மை. அங்கே வயசானவங்க அதிகம், வேலைக்கு ஆள் போதவில்லை. 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் இதற்காக ஒப்பந்தம் போட்டன. தொழில் தெரிந்த இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசாவை 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்த அரசு அறிவித்தது. அதனால் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒருத்தருக்கு வேலை, இன்னொருத்தருக்கு டிக்கெட் மட்டும் என்று போகாதீங்க என்பதுதான் எங்கள் பேச்சு.

முதல் முதலீடு பணம் இல்லை, மொழி. ஜெர்மன் மொழியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாகப் படிக்கிறார்கள். ஏ1 நம்ம ஒண்ணாம் வகுப்பு மாதிரி. நர்ஸ் வேலைக்கு முழு அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 வரை கேட்கிறார்கள். ரெண்டு மாசத்தில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸுகளுக்கு இந்தப் பயிற்சியை நடத்தியிருக்கிறது. சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. முதலில் அங்கெல்லாம் விசாரியுங்கள்.

வேலைக்குப் போகிறவர் மட்டும் படிக்கிறார், துணை வீட்டில் சும்மா இருக்கிறார். இதுதான் நாம் பார்க்கிற தப்பு. சில வகை விசாவில் துணைக்கு மொழித் தேர்வே தேவையில்லை. ஆனால் விசாவுக்குத் தேவையில்லை என்றால் வாழ்க்கைக்கும் தேவையில்லை என்றாகுமா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் யார் பேசுவது? குளிர்காலத்தில் சாயந்தரம் நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. பேச ஆளில்லாமல் நாலு சுவருக்குள் இருந்தால் எந்தப் பொம்பளைக்கும் மனசு கெட்டுப்போகும். ஆம்பளைக்கும்தான். நர்ஸ் மனைவியோடு போகிற கணவன் எத்தனையோ பேர், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். குடும்ப விசாவில் போகிற துணையும் அங்கே வேலை பார்க்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. மொழி இருந்தால்தான் அந்த உரிமையால் பலன்.

சம்பளக் கணக்குக்கு வருவோம். முதியோர் பராமரிப்பில், முழுத் தகுதி பெற்ற நர்ஸுக்கு மணிக்குக் குறைந்தது 20.50 யூரோ, உதவியாளருக்கு 16.10 யூரோ என்று 2025 ஜூலையில் நிர்ணயித்தார்கள். நம்ம ஊர் சான்றிதழுக்கு அங்கே அங்கீகாரம் கிடைக்கும் வரை பெரும்பாலும் உதவியாளர் வேலைதான். வாரம் 40 மணி நேரம் என்றால் முழுத் தகுதிக்கு மாதம் 3,500 யூரோ போல வரும். ஆனால் வரி, காப்பீடு, ஓய்வூதியம் என்று சுமார் மூன்றில் ஒரு பங்கு பிடித்துவிடுவார்கள். மிச்சத்தில்தான் வாடகை. அட்வான்ஸாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். ஏஜெண்ட் சொல்கிற தொகையை ரூபாயாக மாற்றிப் பார்த்துச் சந்தோஷப்படாமல், கையில் மிஞ்சுவதைக் கேளுங்கள்.

ஏஜெண்ட் என்றதும் கடன் ஞாபகம் வருகிறது. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் விதிப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளையே பார்த்துச் சொல்லும். "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்" என்பதை நம்பவே வேண்டாம். அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. எங்கள் கருத்து இது: குழுக் கடனை மொழி வகுப்புக்குக் கொடுக்கலாம், ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கஷ்டமானது. துணையாகப் போகிறவரின் அனுமதி அந்தத் திருமணத்தை நம்பித்தான் இருக்கிறது. அங்கே மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் தனி உரிமை கேட்கலாம். வீட்டில் அடி உதை என்றால் அந்த மூன்று வருஷம் முடியாமலே கேட்க வழி இருக்கிறது. 116 016 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் பல மொழிகளில் உதவி கிடைக்கும். இதைக் கல்யாணப் பேச்சிலேயே சொல்வது அபசகுனம் என்று நினைக்காதீங்க. எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுப் போனால் ஜெர்மனி தரும் குழந்தை உதவித்தொகை கிடைக்காது. பிள்ளை அங்கே வாழ்ந்தால்தான் கிடைக்கும். 2026 ஜனவரி முதல் அது ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. கூட்டிப் போவது எப்போது, அதுவரை யார் பொறுப்பு என்பதைக் கிளம்புமுன் பேசி முடிவு செய்யுங்கள்.

கோயிலில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்யாத தம்பதிகள் நம்மிடம் நிறைய. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் குடும்ப விசா கேட்பது சிரமம். பெயர் எழுத்தும் அப்படித்தான், மார்க்‌ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து ஒரு மாதிரி. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு இருவர் சான்றிதழ்களின் நகலையும் எடுத்து வாங்க. உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்போம்.