கப்பல் தெரியாத துறை



கண்டி வீதியால் திருகோணமலைக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கப்பல்துறை என்ற ஊர்ப்பெயர் தெரிந்திருக்கும். சின்ன வயதில் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டதும் நான் ஜன்னல் பக்கம் பாய்வேன், கப்பல் பார்க்க. தெரிந்ததெல்லாம் பற்றைக்காடும் வேலியோரம் கட்டியிருந்த மாடும்தான். "கப்பல் எங்கயப்பா?" என்று கேட்பேன். அப்பா பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பேர் அப்பிடித்தான். கொஞ்சம் பொறு, துறைமுகம் வரும்" என்பார். ஒவ்வொரு பயணத்திலும் அதே கேள்வி, அதே பதில். துறைமுகம் வருவது உண்மைதான். அதற்குள் நான் தூங்கிப்போயிருப்பேன்.

இன்றைக்குப் பேச வந்தது பரலோகத்தைப் பற்றி. இன்னும் கண்ணில் படாத ஒரு துறையைப் பெயரளவில் அறிந்துகொண்டு, அதை நோக்கியே வாழ்ந்துவிடுகிற மனிதர்களைப் பற்றி. கிறிஸ்தவர் அல்லாத நேயர்கள் வானொலியை மூடிவிட வேண்டாம். கதையில் நீங்களும் வருகிறீர்கள்.

பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் ஒரு கிரேக்கச் சொல்லைப் போட்டிருக்கிறார்: பொலிதெயுமா. நமக்குரிய அது பரலோகத்தில் இருக்கிறது என்கிறார். அது எது? பழைய தமிழ் வேதாகமம் 'குடியிருப்பு' என்றது. இப்போது கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'தாய்நாடு'. ஆங்கிலத்தில் பலர் 'குடியுரிமை' என்று வைத்திருக்கிறார்கள். ஒரே சொல்லுக்கு மூன்று தமிழ். குடியிருப்பு, தாய்நாடு, குடியுரிமை. இந்த நாட்டில் எங்களைப் பாடாய்ப் படுத்திய சொற்களைப் பட்டியல் போடச் சொன்னால் நான் இந்த மூன்றையும்தான் முதலில் எழுதுவேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை ஒரே எழுத்தில் நாடற்றவராக்கியது. குடியுரிமை என்பது கடதாசியில் இருக்கிறது, கடதாசியை இன்னொருவன் கிழிக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டோம்.

பிலிப்பி ரோமரின் குடியேற்ற நகரம். மாசிதோனியாவில் இருந்தது. அங்கே பிறந்து, ரோமாபுரியை ஒரு நாளும் கண்ணால் காணாத பலருக்கு ரோமக் குடியுரிமை இருந்தது. அவர்கள் மூட்டை முடிச்சோடு ரோமுக்குப் போகக் காத்திருந்தவர்கள் அல்லர். பிலிப்பியில் இருந்துகொண்டே ரோமச் சட்டப்படி வழக்காடினார்கள், ரோமர் மாதிரி உடுத்தினார்கள். பவுல் அதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். பரலோகம் உங்கள் ஊர் என்றால், அந்த ஊர் வழக்கம் இந்த ஊரில் தெரிய வேண்டும்.

எபிரேயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கூடாரத்தில் குடியிருந்ததைப் பற்றி வருகிறது. வாக்குப்பண்ணப்பட்ட தேசத்தில் இருந்துகொண்டே அந்நியன் போலக் கூடாரத்தில். அதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அதை விளங்கப்படுத்தியவர்கள் பெரும்பாலும் சைவர்கள். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, மட்டக்களப்புப் பக்கமெல்லாம் அலைந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தவர்கள். அவர்கள் காணி 2015இல்தான் விடுபடத் தொடங்கியது.

தகரக் கொட்டில். தறப்பாள் மறைப்பு. வாசலில் ஒரு முருங்கைத் தடி. முகாமுக்கு வந்து கொஞ்ச நாளைக்குள் யாரோ ஒருவர் ஊன்றிவிடுவார். மற்றவர் வாழைக்குட்டி வைப்பார். மாவுப்பேணியில் கற்பூரவள்ளி. ஒரு ஐயாவிடம் கேட்டேன்: "நாளைக்கே ஊருக்குப் போகப்போறம் எண்டுறியள். பிறகேன் ஐயா மரம் வைக்கிறியள்?" அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஊருக்குப் போகுமட்டும் சொதி வைக்க வேணாமோ?"

அந்த முருங்கையை நட்டதால் அவர் சம்பூரை மறந்துவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்த வளவில் எத்தனை தென்னை, எந்தக் கிணற்றில் எத்தனை உறை என்று நித்திரையிலும் சொல்வார். முகாமில் சண்டை வந்தால் விலக்குவார், பக்கத்துக் கொட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடுவார். ஆனால் முகாமை வீடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "கொட்டிலுக்குப் போறன்" என்பார். வீடு என்ற சொல்லை ஊருக்கென்று எடுத்து வைத்திருந்தார். பரலோக சிந்தை என்று எங்கள் போதகர்கள் சொல்வதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதமும் இதே பாட்டில்தான் போகிறது. எழுபது வருஷம் செல்லும், அதுவரை அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக மன்றாடுங்கள் என்றார். எருசலேமை மறக்கச் சொல்லவில்லை. எதிரியின் பட்டணத்துக்காக மன்றாடச் சொன்னார் என்பதை நாங்கள் வாசிக்கும்போது கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

பரலோகப் பேச்சைக் கேட்டு எரிச்சல்பட்டும் இருக்கிறேன். சுனாமி அடித்து இரண்டு கிழமை இருக்கும். தண்ணீர் பவுசருக்கு முன்னால் வாளியோடு வரிசை. வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு போனார். உலகம் முடியப்போகிறது, இனி வீடு வாசல் எதற்கு, மேலே பாருங்கள் என்று. வரிசையில் நின்ற பெண் அந்தத் தாளை நாலாய் மடித்து வாளிக்குள் போட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகள் போயிருந்தார்கள். மேலே பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் வாளியைத் தூக்கிக்கொடுத்திருக்கலாம்.

இந்த வியாதி பழையது. தெசலோனிக்கேயாவில் இயேசு இப்போது வந்துவிடுவார் என்று சிலர் வேலையை விட்டுவிட்டு வீடு வீடாய்க் கதைத்துத் திரிந்தார்கள். பவுலுக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை செய்து சொந்தச் சோற்றைச் சாப்பிடுங்கள் என்று எழுதினார். வானத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவன் முற்றத்தில் இடறுகிறவனை ஏசுகிற உரிமையை, ஆக, பரலோகத்தை நம்பாதவர்களுக்கு முதல் பவுலே எடுத்துக்கொண்டார்.

திரும்பத் துறைமுகத்துக்கு வருகிறேன். ஐரோப்பியர் ஏன் எங்கள் குடாவுக்காக அப்படி அடிபட்டார்கள்? 1782ஆம் ஆண்டு ஒரே வருஷத்தில் ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார்கள். காரணம் வாடைக்காற்று. ஐப்பசி பிறந்தால் சென்னைப் பட்டணக் கரையில் பெரிய கப்பல் நிற்க முடியாது. அன்றைக்கு அங்கே கட்டிய துறைமுகம் இல்லை, திறந்த கடல். வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில், மாரி முழுக்க ஒரு கப்பற்படை பத்திரமாகக் கிடக்க இடம் என்றால் அது திருகோணமலை.

குடாவுக்குள் வந்தாலும் நங்கூரம் போட வேண்டும். எபிரேயர் நிருபம் எழுதியவர் நம்பிக்கையை நங்கூரம் என்கிறார், அது திரைக்கு உள்ளே, தேவாலயத்தின் மகா பரிசுத்த இடத்துக்குள் போய்ப் பிடித்திருக்கிறது என்கிறார். கடலடிக்குப் போக வேண்டிய நங்கூரத்தை மேலே எறிந்துவிட்டாரே என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் சம்மாட்டியார் ஒருவரோடு வள்ளத்தில் இருந்தபோதுதான் பிடிபட்டது. நங்கூரத்தைப் போட்டபின் அவர் தண்ணீருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சேறு பிடித்திருந்தால் கயிறு விறைக்கும். இழுபட்டால் கைக்கு ஒரு நடுக்கம் வரும். கயிறு காணாது என்றாலும் இழுபடும், ஆழத்தைப்போல மூன்று நாலு மடங்கு விட வேண்டும் என்றார். நங்கூரம் தெரியாது, கயிறுதான் தெரியும். வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்பதைக் கரையில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள்.

நின்ற இடத்திலேயே நின்ற இரண்டு பேரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து, குடியுரிமைச் சட்டம் வந்த அதே 1948இல், இயேசு சபைத் துறவிகள் கிழக்கு மாகாணத்துக்கு வந்தார்கள். அவர்களில் யூஜின் ஜோன் ஹேபர், ஹரி மில்லர் என்று இருவர். ஹேபர் சுவாமி திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படிப்பித்தார். பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். கிழக்கில் இன்றும் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் அவர் பேரைச் சொல்வார்கள். வானத்தை நோக்கி வாழ்ந்த ஒரு துறவி பத்தடி உயர வளையத்தைப் பார்த்துப் பந்து எறியப் பழக்கியதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

1990 ஆகஸ்ட். காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் இரத்தம் காயாத நாட்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் பயந்து ஒளித்துக்கொண்டிருந்த வாரம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் நினைத்தால் அன்றே விமானம் ஏறியிருக்கலாம். ஹேபர் சுவாமி ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். பின்னால் ஒரு தமிழ் இளைஞர். இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை இல்லை. உடல் இல்லை, ஸ்கூட்டர் இல்லை. அன்றைக்கு மரியாள் விண்ணேற்புத் திருநாள், மடுத் திருவிழா நாள்.

மில்லர் சுவாமி இருந்தார். மட்டக்களப்பு சமாதானக் குழுவில் உட்கார்ந்து, காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் சொல்லச் சொல்லப் பதிந்தார். போர் முடிந்த 2009இல் ஓய்வுக்காக நியூ ஓர்லியன்ஸுக்குப் போனார். பிறந்த நகரம் அது. அங்கே நிற்க முடியவில்லை. மட்டக்களப்புக்கே திரும்பி வந்து, மட்டக்களப்பிலேயே காலமானார். நான் கவனித்தது இதுதான்: போக ஓர் ஊர் உண்டு என்று திடமாக நம்பியவர்களே போகாமல் இருந்தார்கள். இந்த உலகத்தைத் தவிர வேறில்லை என்றிருந்தால், இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுவதுதான் புத்தி. நானும் ஓடியிருக்கிறேன், ஒரு முறை. அதைப் பிறகு ஒரு நாள் சொல்கிறேன்.

காலமானார் என்றேன் அல்லவா? இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். சொல்லும் சொல்லிலேயே சமயம் தெரிந்துவிடும். சைவர் என்றால் சிவபதம் அடைந்தார். கிறிஸ்தவர் என்றால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நித்திரை. கிறிஸ்தவரின் இடுகாட்டுக்குக் கிரேக்கத்தில் 'உறங்குமிடம்' என்றுதான் பெயர், ஆங்கிலத்துக்கும் அந்தச் சொல்தான் போனது. எங்கள் பக்கத்தில் அதற்குச் சேமக்காலை என்பார்கள். காலை என்றால் அடைப்பு. மாட்டுக்காலை என்கிறோமே, அந்தக் காலை. பொழுதுபட அடைத்து, விடியத் திறந்துவிடுகிற இடம். விடியலுக்கும் தமிழில் காலை என்று பெயர் இருப்பது தற்செயல்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் காதில் விழாமல் இல்லை.

போன நவம்பர் 2ஆம் திகதி, சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனேன். மாரி தொடங்கியிருந்தது. எனக்குப் பக்கத்துக் கல்லறையில் ஒரு அன்ரி, எழுபதுக்கு மேல் இருக்கும், கொட்டப்பெட்டியிலிருந்து மெழுகுதிரி எடுத்தார். காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினார். பிறகு பையைத் துழாவி, கழுவிக் காயவைத்த யோகட் கோப்பை ஒன்றை எடுத்து, அதற்குள் கொஞ்சம் மணல் போட்டு, திரியை நட்டு, நெருப்பு வைத்தார். நின்றது. வருஷா வருஷம் செய்து பழகிய கை.

"அன்ரி, அவர் இஞ்ச இல்லையெண்டு தானே சுவாமி இப்ப பிரசங்கத்தில சொன்னவர்?" என்று சும்மா வாயைக் கிளறினேன்.

"இல்லைத்தான் தம்பி. அதுக்கு? படுத்தெழும்பின பாயைச் சுருட்டி வைக்கிறேல்லையோ?"

சிலுவையில் பேர் மங்கியிருந்தது. சின்னத் தூரிகையால் கறுப்புப் பெயின்ற் பூசினார், நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு பைக்குள் மிஞ்சியிருந்த நாலைந்து யோகட் கோப்பைகளை என் கையில் தந்தார். மதிலோரத்தில் சிலுவையும் பேரும் இல்லாமல் மேடு மட்டும் இருந்த இடத்தைக் காட்டினார்.

"ஆளில்லாததுகளுக்கும் ஒண்டொண்டு வையும்."

நான் குந்தியிருந்து மூன்றாவது திரியைக் கொளுத்தும்போது மழை பிடித்தது. அன்ரி குடையை விரித்துக்கொண்டு வந்து, எங்கள் இருவர் தலையையும் விட்டுவிட்டு, திரிகளுக்கு மேலே பிடித்தார்.