வக்கீலின் எழுத்தும் கட்சிக்காரரின் மறையும்



நம் சங்கக் குடும்பங்களில் வக்கீல் தொழில் புரிவோர் பலர் உளராதல் நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதே. அவருட் சிலர் தாம் நடத்திய வழக்குகளைப் பற்றிப் பலரும் படிக்குமாறு எழுதியும் வருகின்றனர். சட்டத்தை எளிய தமிழில் எடுத்துரைத்தல் பெரிதும் வேண்டற்பாலது. அதனைக் குறைகூற வந்தேனல்லேன். ஆயினும் அவ்வாறு எழுதுங்கால் தம் பொருளைச் செலவிடுகின்றனரா, பிறர் பொருளைச் செலவிடுகின்றனரா என்பதே யான் இன்று ஆராயப் புகுந்தது.

ஒருவர் தம் வக்கீலிடம் சொன்ன சொல் யாருக்கு உடைமை? கேட்டவருக்கன்று; சொன்னவருக்கே. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 126-ஆம் பிரிவில் இதனை வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பெற்றது. அதன் 132-ஆம் பிரிவும் அந்நெறியையே போற்றுகின்றது. கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றி, அவர் தொழிலின்பொருட்டுக் கூறியதையோ, தாம் அவருக்குக் கூறிய ஆலோசனையையோ வக்கீல் வெளியிடலாகாது. மொழிபெயர்ப்பவரையும் குமாஸ்தாவையும் இக்கடமை பிணிக்கும். சட்டவிரோதமான காரியத்தை நிறைவேற்றுதற்குச் சொன்ன சொல்லுக்கும், வழக்கை ஏற்றபின் நிகழ்ந்ததாக வக்கீல் கண்ட குற்றத்துக்கும் வஞ்சகத்துக்கும் இக்காப்பு இல்லை.

“வழக்குத்தான் முடிந்துவிட்டதே, தீர்ப்பும் வெளிவந்துவிட்டதே” என்பார் உளர். தீர்ப்பிலுள்ளது ஊரறிந்தது; வக்கீலின் அறையில் கண்ணீரோடு சொன்னது தீர்ப்பில் இல்லை. தொழிலுறவு ஒழிந்த பின்னும் கடமை ஒழியாதென்று சட்டமே விளக்கம் கூறுகின்றது.

வேறு சிலர், “பெயரைக் குறிக்கவில்லையே” என்பர். ஈண்டுத்தான் நம்மவர் சிறிது நின்று எண்ணவேண்டும். பெருநகரத்து அயலாரிடையே அவ்விடை பொருந்தினும் பொருந்தும். கொள்வினை கொடுப்பினையால் பின்னிக் கிடக்கும் நம் குடும்பங்களிடையே, “சகோதரர் மூவர், நடுவர் சிங்கப்பூரில், தாயார் பெயரில் அரிசி ஆலை” என்றெழுதினால் போதும். இன்னார் வீடென்று மறுநாளே யாவரும் சொல்லிவிடுவர். பாகப்பிரிவினைக்காகச் சொன்ன ஒரு சொல், அவ்வழக்கிற் சம்பந்தமே இல்லாத அவ்வீட்டுப் பெண்ணின் விவாகத்தைத் தடுக்கும். அதற்கு எந்த மேல்முறையீடும் இல்லை.

எழுதுபவர்க்கும் இதில் ஆபத்துண்டு. தாம் ஈடுபட்ட வழக்கின் தொடர்பாகப் பத்திரிகையிற் குறிப்பு வரச் செய்தலையும், தம் படம் வெளிவரச் செய்தலையும் இந்தியப் பார் கவுன்சிலின் 36-ஆம் விதி விலக்கியுள்ளது. 2008-இல் செய்த திருத்தம், பெயர், விலாசம், தகுதி, தொழிற்றுறை முதலியவற்றை இணையதளத்தில் வெளியிட இடந்தந்தது. வெற்றி முரசுக்கு இடந்தரவில்லை. நெறி பிறழ்ந்தார்க்கு 1961-ஆம் ஆண்டின் அட்வகேட்டுகள் சட்டம், 35-ஆம் பிரிவின்படி, கண்டனம் முதற் பெயர் நீக்கம் ஈறாகத் தண்டனை வகுத்துள்ளது. திருவள்ளுவர் புறங்கூறாமையை அடுத்தே பயனில சொல்லாமையை வைத்தார். இத்தகைய எழுத்தை எந்த அதிகாரத்திற் சேர்ப்பதென்று எனக்கே ஐயமுண்டு.

கட்சிக்காரர்க்கும் ஒரு சொல். வக்கீலிடம் சொன்னதற்குக் காப்பு உண்டு. மைத்துனரிடம் சொன்னதற்கு இல்லை. கோபத்தில் கைப்பேசி வழியே உறவினர் அனைவர்க்கும் எழுதி அனுப்புவது, நாளை எதிர்க்கட்சியாரால் அவருடைய ஒப்புதலாகவே நீதிமன்றத்திற் காட்டப்படலாம். வக்கீல் வாய் மூடியிருக்க, கட்சிக்காரர் தாமே கதவைத் திறந்துவைத்தால் யார் என் செய்வது?

நம் இதழிற் சட்டப்பகுதி எழுதும் இளைஞர்க்கு ஒரு விண்ணப்பம். எடுத்துக்காட்டு வேண்டின், உயர்நீதிமன்றங்களின் அச்சிட்ட தீர்ப்புகள் நிரம்ப உள்ளன, அவற்றை எடுத்தாள்க. தம் கட்சிக்காரரின் வரலாறே வேண்டுமாயின், எழுதியதை முழுதும் அவர்க்குப் படித்துக்காட்டி, எழுத்து மூலமாகச் சம்மதம் பெறுக. கட்டணம் செலுத்த இயலாது நிற்பவரிடம் மட்டும் அதனைக் கேளாதிருப்பீராக. அவர் மறுக்க வல்லாரல்லர்.