கையில் இல்லாத சரக்கு!

(திருச்செங்கோட்டில் வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



இந்த ஊர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் நடக்கும் மஞ்சள் ஏலத்தை நீங்கள் அறிவீர்கள். விரலி தனி, கிழங்கு தனி, பனங்காலி தனி என்று மூட்டைகள் கண்முன் இருக்கும். பார்த்துத்தான் விலை கேட்கிறோம். ஒரு மூட்டைகூட இல்லாத ஒருவர் வந்து, "நூறு மூட்டை விற்கிறேன்" என்றால் விடுவீர்களா?

பங்குச் சந்தையில் இதற்கு 'நேக்கட் ஷார்ட் செல்லிங்' என்று பெயர். வெறுங்கை விற்பனை! தன்னிடமும் இல்லாத, பிறரிடம் கடனாகவும் வாங்காத பங்கை 500 ரூபாய்க்கு விற்பது. 450க்கு இறங்கியதும் வாங்கிக் கொடுத்துவிட்டு 50 ரூபாயை எடுத்துக்கொள்வது. விலை விழுந்தால்தான் இவருக்கு லாபம். எனவே விழவேண்டும் என்று ஆசைப்படுவார், விழவைக்கவும் பார்ப்பார்.

இது புதிய நோய் அல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளில் இப்படி விளையாடியதால், 1610லேயே ஹாலந்தில் தடை போட்டார்கள். நம் நாட்டில் 2001 மார்ச் வீழ்ச்சியின்போது செபி தடை விதித்தது. 2007 டிசம்பரில், பங்கைக் கடன் வாங்கி விற்க வழி செய்தது. வெறுங்கை விற்பனை மட்டும் கூடாது என்றது. 2024 ஜனவரி 5ல் அதையே மீண்டும் உறுதி செய்தது.

"ஊதிப் பெருத்த விலையை இறக்க இவர்கள் தேவை" என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். 1992ல் ஹர்ஷத் மேத்தா காலத்தில் ஏ.சி.சி. பங்கு 9000 ரூபாய் வரை ஏற்றப்பட்டதைக் காட்டுகிறார்கள். நியாயம் இல்லாமல் இல்லை. சரக்கின் குறையை மறைக்காதே என்றுதான் மார்க்கமும் சொல்கிறது. ஆனால் குறையைச் சொல்வது வேறு. இல்லாததை விற்பது வேறு.

ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம்மிடம் இல்லாத பொருளை முதலில் விற்றுவிட்டு, பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள்.

"அப்படியானால் 'ஸலம்' எப்படிக் கூடும்?" என்று கேட்பீர்கள். அதில் முழுப்பணமும் முன்னாலேயே விவசாயியின் கைக்குப் போகிறது. அளவு, தரம், தவணை எல்லாம் பேசி முடிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் விளைச்சல் நடக்கிறது. வெறுங்கை விற்பனையில் என்ன விளைகிறது?

இளைஞர்களே! காலையில் விற்று மாலைக்குள் வாங்கிச் சரிக்கட்டும் தின வியாபாரம் இன்று உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. 2022-23ல் இப்படித் தின வியாபாரம் செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது செபியின் ஆய்வு. 30 வயதுக்கு உட்பட்டவர்களில் நஷ்டப்பட்டோர் 76 சதவீதம்! வாப்பா கடையில் நின்று சேர்த்த முதல், பிள்ளையின் விரல் நுனியில் போய்விடுகிறது.

வணிகப் பெருமக்களே! பம்பாய்க்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கிய உணவுப் பொருளைக் கைப்பற்றும் முன் விற்காதீர்கள் என்பதும் நபிவழிதான். லோடு வந்து இறங்குமுன் அடுத்தவருக்கு பில் போடும் பழக்கம் நம்மிடம் இல்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் இது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வண்டி போடுங்கள். லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு கொள்ளுங்கள். வேலையில்லாத ஒரு இளைஞனையும் கூட்டாளியாக்குங்கள். அதுதான் பங்கு வியாபாரம்!

அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி இருக்கிறான். நாம் அதைச் சூதாட்டமாக்கிவிட வேண்டாம். நம் சம்பாத்தியத்தில் அவன் பரக்கத் செய்வானாக!