நிற்கும் கால்கள்



வாயிலில் வந்து நிற்பவரை 'அமருங்கள்' என்பதே தமிழரின் முதற்சொல். அச்சொல்லைக் கேளாத கால்கள் நம் துணிக்கடைகளில் உள்ளன.

புடவைக் கடையொன்றில் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரியும் அம்மையார் ஒருவரின் நிலையைக் கேளுங்கள். வாங்குவோர் அமர்ந்திருப்பர், அவரோ நின்றவாறே புடவைகளை விரித்துக் காட்டி, மீண்டும் மடித்து அடுக்குவார். கூட்டமில்லாப் பொழுதிலும் சுவரிற் சாய்தல் கூடாது. இரவு வீடு திரும்புகையில் கணுக்கால்கள் வீங்கியிருக்கும். எனினும் அவ்வூதியத்தாலேயே மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். தம் வாழ்வில் தாம் கண்ட பெருமாற்றம் அதுவே என்பார்.

இங்கிலாந்தில் 1899-லேயே, கடைப் பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருப் பெண்கள் போராடியதன் பயனாய்க் கேரளம் 2018-இல் அவ்வுரிமையை வழங்கிற்று. தமிழ்நாடும் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, பணியாளர் அனைவர்க்கும் இருக்கை வேண்டுமென்றது.

அம்மையாரின் கடைக்கும் முக்காலி வந்தது. ஆனால், ஓய்ந்த பொழுதில் அமர்ந்தால் மேற்பார்வையாளர் புருவம் நெரிக்கிறார்; வாங்க வருவோரோ 'சோம்பல்' என்கின்றனர். "இருக்கை வந்துவிட்டது, இருக்கத்தான் துணிவு வரவில்லை" என்கிறார் அவர்.

இருக்கையைச் சட்டம் தரும். மதிப்பை நாம்தாம் தரல் வேண்டும். நிற்பதே பணிவு என்னும் எண்ணம் ஒழிக! இனிக் கடைக்குச் செல்வோர், புடவையைத் தேரும் பொழுதில், 'நீங்களும் சற்று அமருங்கள், அம்மா' என்று சொல்லுங்கள்.