மலைக்கிராமமும் பனியன் நகரமும்



திருப்பூர் என்றதும் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நினைவுக்கு வருவது இயல்பே என்றாலும், 2009-ஆம் ஆண்டில் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட இம்மாவட்டத்தின் தென்னெல்லை, உடுமலைப்பேட்டைக்கு அப்பால் ஆனைமலைக் காடுகளுக்குள் சென்று முடிகிறது என்பதை நகரவாசிகள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி, கோடந்தூர் முதலிய மலைக்கிராமங்களில் முதுவர், மலைமலசர், புலையர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அமராவதி அணைக்கு நீர் அனுப்பும் மலைகளும் இந்த ஆனைமலைத் தொடரைச் சேர்ந்தவையே.

இந்தக் காடு சர்க்காருக்குச் சொந்தமான பொது நிலம். அது அவ்வாறு ஆன விதத்தைச் சிறிது கவனிக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி, ஒரு வனத்தை ஒதுக்குக் காடாக்கும் உத்தேசத்தை அறிவித்து, குறித்த காலத்துக்குள் வந்து உரிமை கோராதவருடைய பாத்தியதை அற்றுப்போனதாகக் கொள்வது வழக்கம். எழுத்தறியாத மலைவாசி அந்த அறிவிப்பை எங்கே கண்டான், யாரிடம் போய் மனுக் கொடுத்தான் என்ற விசாரம் அன்றைய உத்தியோகஸ்தர்களை அதிகம் வருத்தியதாகத் தெரியவில்லை. இவ்விதம், அதுவரை அனுபோகத்தில் இருந்த நிலத்தில் அவன் தயவின்பேரில் வசிப்பவனானான். பின்னர் 1976-இல் வனவிலங்குச் சரணாலயமும், 2007-இல் புலிகள் காப்பகமும் வந்து சேர்ந்தன.

ஒரு பொதுச் சொத்தை அதை நம்பிப் பிழைப்பவர்களைக் கேளாமலே ஆளுவதன் பலன் இன்னதென்று திருப்பூருக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டு, அவர்கள் நீதிமன்றப் படியேறி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஆற்றுக்கும் உரியவர்கள் உண்டு என்ற எண்ணம் நகரத்தில் உறைத்தது.

மலைவாசிகளுக்கு இழைக்கப்பட்டது சரித்திர ரீதியான அநீதி என்று பாராளுமன்றமே ஒப்புக்கொண்டு இயற்றியதுதான் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து குடியிருந்து சாகுபடி செய்துவரும் நிலத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா வழங்கவும், காட்டையே பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமையைக் கிராமசபைக்கு அளிக்கவும் அது வழி செய்கிறது. ஆயினும் தமிழ்நாட்டில், 2008-இல் உயர்நீதிமன்றம் விதித்த தடை, 2016-இல் விலகும் வரை, பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது.

குருமலைக்குப் பாதை இல்லாமையால், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும் நோயாளியையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து அடிவாரத்துத் திருமூர்த்திமலைக்கு இறக்கும் செய்தி பத்திரிகைகளில் பலமுறை வந்துவிட்டது. பாதை போட்டால் காடு அழியும் என்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும்: ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு எழுபத்தைந்துக்கு மேற்படாத மரங்கள், கிராமசபையின் சிபாரிசு என்ற வரம்புகளுக்குள் சாலை, பள்ளி, மருந்தகம் முதலியவற்றுக்கு இடமளிக்க இந்தச் சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது.

புலையரின் நிலைமை இன்னும் சிக்கலானது. பழங்குடிப் பட்டியலில் தங்களைச் சேர்க்கவேண்டுமென்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். அது கிட்டாத வரை அவர்கள் இதர பாரம்பரிய வனவாசிகளாகக் கருதப்பட்டு, எழுபத்தைந்து ஆண்டு வாசத்தை நிரூபிக்க வேண்டியவர்களாகின்றனர். நல்லவேளையாக, இச்சட்டத்தின் விதிகளை வகுத்தோர் காகிதத்தை மாத்திரம் நம்பவில்லை. மூத்தோரின் வாக்குமூலமும், பழைய கிணறும், இடுகாடும், சாமி கும்பிடும் இடமும் சாட்சியங்களாகும் என்று எழுதி வைத்திருக்கின்றனர்.

இனி, நகரத்தாரின் பொறுப்பு. ஈரத்தில் குறைந்தவர்கள் அல்லர் திருப்பூர்க்காரர்கள். மரக்கன்று நடுவதில் அவர்கள் காட்டும் ஊக்கம் பிற ஊர்கள் பின்பற்றத் தக்கது. பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமும் கூறுகிறது. அந்தப் பணத்தில் கம்பளி வாங்கி மலையேறிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை; ஆனால் கம்பளி பெறுபவன் மறுபடியும் தயவின்பேரில் இருப்பவனாகவே நிற்கிறான். ஒரு மலைக்கிராமத்தின் வன எல்லைக்கு வரைபடம் தயாரிக்கவும், முதியோர் சொல்வதை எழுதி வாங்கவும், உரிமைக் கோரிக்கைகளை ஆராயும் கோட்ட அளவிலான குழுவின் முன் அக்கிராமத்தின் கோரிக்கையைத் தொடர்ந்து வலியுறுத்தவும், சட்டம் தெரிந்த இரண்டொருவரை அனுப்பி வைப்பதே எனக்கு மேலான தொண்டாகப் படுகிறது. அக்குழுவின் முடிவினால் பாதிக்கப்பட்டவர் அறுபது நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிட வேண்டும். பஸ் ஏறுவதற்கே மலையிலிருந்து நடந்து இறங்க வேண்டியவர்களுக்கு, துணைக்கு ஆளில்லையென்றால், அந்த அறுபது நாள் போதாது.