மாதிரி ரயிலுக்கு அடிப்பலகை எது?

(அறிவியல் கண்காட்சி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



கண்காட்சி என்றால் மலை ரயில் மாதிரி ஒன்றாவது வந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் ஓடும் ரயில் நம்மிடம் இருக்கும்போது வராமல் எப்படி இருக்கும்? மலை, சுரங்கம், பாலம் எல்லாவற்றையும் பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள். அடியில் எதை வைப்பது என்று மட்டும் கடைசி நாளில்தான் யோசிக்கிறோம். கடையில் கிடைத்த தெர்மோகோல் அட்டை ஒன்று வந்து சேரும். பரிசளிப்பு முடிந்த மறுநாளே அந்த மாதிரி குப்பைக்குப் போய்விடும். மூன்று வாரம் உழைத்த பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “சார், இது சமதளம்தானே? ரயில் ஏன் பாதியிலேயே நிக்குது?” பலகையின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். 120 சென்டிமீட்டர் நீளப் பலகை நடுவில் 1 சென்டிமீட்டர் தொய்ந்திருந்தது. அதாவது 60 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம், பிறகு அதே அளவு ஏற்றம். நாம் போடாத ஏற்றத்தைப் பலகையே போட்டுக்கொண்டது. நீலகிரிப் பாதையில் மிகச் செங்குத்தான இடத்தில் 12க்கு 1 ஏற்றம். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல்சட்டம் இருக்கிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறுகிறது. நம் பேட்டரி ரயிலுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே பலகையிடம் முதலில் கேட்க வேண்டியது விறைப்பு. ஒரு மர அடிஸ்கேலை எடுங்கள். தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளைகிறது. விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் அசைய மறுக்கிறது. அதன் அகலம் 3 சென்டிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர் என்றால், நிறுத்திப் பிடிக்கும்போது விறைப்பு 100 மடங்கு. வளையும் திசையிலுள்ள கனத்தின் மும்மடிக்கு ஏற்ப விறைப்பு கூடும் என்பதுதான் இதன் கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே போட்டுவிடுவார்கள்.

இந்தக் கணக்கைப் பலகைக்குக் கொண்டு வருவோம். 4 அடிக்கு 2 அடி அளவில் 12 மி.மீ. பிளைவுட் ஏறத்தாழ 6 கிலோ இருக்கும். அதே அளவில் 6 மி.மீ. பிளைவுட் வாங்கி, அடியில் 2 அங்குல ரீப்பர் கட்டைகளை நிறுத்திவைத்துச் சட்டம் அடித்து, நடுவில் இரண்டு குறுக்குக் கட்டைகள் கொடுத்தால், மொத்தம் அதே 6 கிலோ பக்கம்தான் வருகிறது. விறைப்போ பல மடங்கு. கனமான பலகை வாங்கினால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். நான் சட்டத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கம்பிகளை அடியில் ஓட்டவும் அந்த 2 அங்குல இடம் உதவும்.

எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக இருக்கும், வண்ணம் அழகாகப் பிடிக்கும். ஆனால் பிளைவுட்டைவிடக் கனம். ஓரத்தில் நீர் பட்டால் ஊதிவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இன்னும் மோசம். ஐப்பசி மழையில் ஒழுகும் ஆய்வகத்தில் இவை இரண்டையும் நான் வைக்கமாட்டேன். எம்.டி.எஃப். அறுக்கும்போது எழும் நுண்தூள் மூச்சுக்குக் கேடு. கடையிலேயே அறுத்து வாங்குங்கள், பிள்ளைகள் கையில் அந்த வேலை வேண்டாம்.

பிளைவுட் ஏன் மேல்? மரம் ஈரத்தில் இழைக்குக் குறுக்காக விரியும், இழையின் நீளவாக்கில் அவ்வளவாக விரியாது. பிளைவுட்டில் ஓர் அடுக்கின் இழை அடுத்த அடுக்குக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகிறது. ஆனாலும் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் அடித்தால் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வில்லாகிவிடும். இரு பக்கமும், ஓரங்களிலும் அடியுங்கள். காகிதக்கூழால் மலை செய்பவர்கள் அதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

தெர்மோகோலைத் திட்டிக்கொண்டே போவது நியாயமில்லை. அது ஈரத்தில் ஊதாது, எடையே இல்லை. மலையாக அடுக்கிச் செதுக்க அதைவிட எளிதான பொருள் கிடைக்காது. சட்டம் அடித்த பலகையின் மேலே அது இருக்கட்டும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் ரப்பர் பசையும், தின்னர் கலந்த ஸ்ப்ரே பெயிண்டும் அதைக் கரைத்துவிடும். சூடான கம்பியால் வெட்டுவதானால் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், நீங்களும் அருகில் இருக்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 8 அடிக்கு 4 அடி முழுப் பலகை மீது ஆசைப்படாதீர்கள். மேலே மலையைக் கட்டிவிட்டால் அது ஆட்டோவில் ஏறாது, பல வகுப்பறைக் கதவுகளிலும் நிமிர்ந்தபடி நுழையாது. 4 அடிக்கு 2 அடியாக இரண்டு துண்டுகள் செய்து போல்ட் போட்டு இணையுங்கள். இணைப்பைத் தாண்டும் தண்டவாளம் நேர்க்கோட்டில், குறுக்காகக் கடக்கட்டும். வளைவில் இணைப்பு வந்தால் ரயில் அங்கேதான் தடம்புரளும். கண்காட்சி முடிந்தபின் இரண்டையும் பீரோவின் மேல் படுக்கையாக வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துவிடும்.

இதோ, மேசைமீது நான்கு வகைப் பலகைத் துண்டுகள் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நூலும், இரண்டு செங்கலும், ஒரு கிலோ எடைக்கல்லும் இருக்கின்றன. குழுவுக்கு ஐந்து பேராக வந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தொய்கிறது என்று அளந்து கரும்பலகையில் எழுதுங்கள். தேநீருக்குப் பிறகு அந்த எண்களை வைத்துப் பேசுவோம்.