மலைப் பிள்ளைக்கும் மீன் படிப்பு உண்டு

(பொத்துவிலுக்கு வந்த தோட்டத்துப் பெற்றோர், மாணவர் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை என்று ஏ4 வீதியால் இறங்கி எங்கள் பொத்துவிலுக்கு வந்திருக்கிறீர்கள். எல்லோரையும் வரவேற்கிறோம். கடலையும் களப்பையும் பார்த்தீர்கள். இனி, மீனைப் பற்றிய ஒரு படிப்பைச் சொல்லப் போகிறோம்.

"மீன் புடிக்கிறதுக்கா புள்ளைய படிக்க வச்சோம்?" என்று உங்கள் பக்கத்தில் கேட்பார்கள். எங்கள் ஊரிலும் அதே பேச்சுத்தான். "வாப்பா கடலுக்குப் போறார், மகனும் மீன் படிக்கவா காம்பஸ் போறது?" என்பார்கள். இரண்டு இடத்திலும் தவறு ஒன்றுதான். வலை வீசுவது தொழில். இதுவோ தண்ணீரையும் அதில் வாழும் உயிரையும் பற்றிய விஞ்ஞானம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். கட்லா, ரோகு போன்ற இந்தியக் கெண்டை மீன்கள் வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய குளத்து நீரில் முட்டையிடாது. 1957 ஜூலை 10ஆம் திகதி, ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் கபச் சுரப்பியின் சாற்றை ஊசியாக ஏற்றி, கெண்டை மீனை முட்டையிட வைத்தார். இன்று நமது குளங்களில் விடப்படும் கெண்டைக் குஞ்சுகளுக்கு அந்த ஊசி முறைதான் ஆதாரம். எங்கள் மாவட்டத்து இங்கினியாகலையில் இப்படிக் குஞ்சு வளர்க்கும் அரசாங்க நிலையம் இருக்கிறது. நுவரெலியாவிலும் ஒன்று இருக்கிறது. கடல் இல்லாத ஊரிலும் மீன் வேலை உண்டு என்பதற்கு இது போதாதா?

இன்னொன்று. விடியற்காலையில் குளத்து மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குது போல" என்று தீனியை அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நீர்ப்பாசிகள் பகலில் ஒட்சிசனை வெளிவிடும், இரவில் அவையும் மூச்சு விட்டு அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும்போது தண்ணீரில் ஒட்சிசன் குறைந்திருக்கும், மீனுக்கு மூச்சு முட்டும். காரணம் தெரிந்தவன் புதுத் தண்ணீர் பாய்ச்சிக் குளத்தைக் காப்பாற்றுவான்.

சரி, இதை எங்கே படிப்பது? உங்கள் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீரியல் வளத் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பீடமே உண்டு. ஏ.எல்.லில் உயிரியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலான விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி அந்தப் பட்டியலில் உள்ளன. எங்கள் அம்பாறையும் அதே பட்டியலில்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல உதவியும் உண்டு.

பட்டம் எடுத்தவுடன் உத்தியோகம் கையில் வந்து விழும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் குஞ்சு பொரிக்கும் நிலையம், மீன் பதனிடும் தொழிற்சாலையின் ஆய்வுகூடம், அலங்கார மீன் ஏற்றுமதி, அரசாங்க விரிவாக்க சேவை என்று போக இடம் பல. ஏ.எல். சரிவராத பிள்ளைகளும் மனம் உடைய வேண்டாம். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சமுத்திரப் பல்கலைக்கழகம் சான்றிதழ், டிப்ளோமா வகுப்புகளையும் நடத்துகிறது. மட்டக்களப்பில் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது.

பெற்றோர்களே, கதவு மூடுவது காம்பஸ் வாசலில் அல்ல, ஓ.எல். முடிந்த அந்தச் சில மாதங்களில்தான். பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை என்றால், "இருக்கிற பாடத்தைப் படி" என்கிறோம், இல்லாவிட்டால் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு வந்த பிள்ளை வீட்டில் இருந்தால், விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலை எங்கே, விடுதி உண்டா என்று அதிபரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள். மகளாக இருந்தாலும் அப்படியே கேளுங்கள்.